மாட்டு வழக்குகளுக்கு நடுவே ஒரு ரயில் டிக்கெட்

அன்று அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜெயராணி மேடம். கவுண்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரி, அதன் ஆவண அறைக்குப் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர்.

ரமோன். கேமரா வேலை. அதிகம் பேசமாட்டார், விசில் அடிப்பார். அன்று அதுவும் இல்லை.

கவுண்டி வக்கீல் ஆபீஸிலிருந்து சாட்சிக்கு வந்த ஒரு பெண். கையில் மஞ்சள் நோட்டு.

மிஸஸ் ஹாலிஸ். எண்பத்தாறு வயதுக் கறுப்பினப் பெண்மணி. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கைத்தடியை ஊன்றி நின்றார்.

நான், பழனிசாமி.

மேசை மேல் ஒரு கட்டு. மூன்றாக மடித்த பழைய தாள்கள், குறுக்கே வெள்ளை நாடா. அந்த நாடாவைக் கட்டியவன் நான்தான். அதற்கு மூன்று வருடம் முன்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கட்டியிருந்தேன்.

நான் ரிடையர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அந்த ஆபீஸில் புது மெஷின் வைத்தார்கள். கோர்ட் காகிதத்தின் மேலுறையைக் காட்டினால் போதும். அதுவே படித்து அதுவே பதிந்துவிடுமாம். அதைப் பொருத்தப் போனவர்களில் நம் தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். பொங்கல் விழாவில் என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க கையால என்ட்ரி பண்ணப்போ மிஸ்டேக் எவ்ளோ வரும்?" என்று கேட்டார். சின்னதாக நிறைய வரும், பெரியதாக ஒன்று வந்தது என்றேன். சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊரில் இருந்தவரை எனக்கு ஈரோட்டில் ஜவுளி குடோனில் வேலை. பெட்ஷீட், துண்டு, லுங்கி. எண்ணுவது, மடிப்பது, கட்டுவது. இருபத்திரண்டு வருடம். அமெரிக்காவில் இருந்த அக்கா போட்ட விசா மனு பதிமூன்று வருடம் கழித்துப் பலித்து, நாற்பத்தாறு வயதில் டெக்சஸ் வந்து சேர்ந்தேன். பெட்ரோல் பங்கில் கொஞ்ச நாள். ஒரு வேர்ஹவுஸில் கொஞ்ச நாள். சர்ச்சில் மேடத்துக்குத் தெரிந்த ஒருவர் என் அக்காவுக்கும் தெரிந்தவர். அந்த வழியில் கவுண்டி வேலை கிடைத்தது.

மேடம் என்னை இன்டர்வியூ செய்தது ஐந்து நிமிடம். ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்து எத்தனை இருக்கும் என்றார். அறுபது என்றேன். எண்ணினார். ஐம்பத்தொன்பது. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வேலை இதுதான். நூறு, நூற்றைம்பது வருடத்துக் கோர்ட் காகிதங்கள் கோர்ட்டின் அடித்தளத்தில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. ஒரு வழக்கு ஒரு கட்டு. அந்தக் காலத்தில் தாளை நீளவாக்கில் மூன்றாக மடித்து, மேல் மடிப்பில் வழக்கு எண், யாருக்கும் யாருக்கும், என்ன விஷயம் என்று எழுதி நாடா கட்டிவிடுவார்கள். அதுதான் மேலுறை. நாங்கள் மேலுறையை மட்டும் படித்துக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். உள்ளே பிரிப்பது அடுத்த கட்டம், அதற்கு வேறு பட்ஜெட். முப்பது இங்கிலீஷ் வார்த்தை தெரிந்தால் முக்கால்வாசி மேலுறையைப் படித்துவிடலாம். கடன், நிலம், விவாகரத்து, உயில். மூன்று மாதத்தில் எனக்கு அந்த முப்பதும் வந்துவிட்டது.

மேடத்துக்கு என்று சில சட்டங்கள் இருந்தன. கையைக் கழுவித் துடைத்து உலர்ந்த பிறகே காகிதத்தைத் தொட வேண்டும். கையுறை கிடையாது, கையுறை போட்டால் தாள் கிழிவது விரலுக்குத் தெரியாது. பேனா அறைக்குள் வரக்கூடாது, பென்சில்தான். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு கட்டு. நாடா அறுந்தால் வெள்ளைப் பருத்தி நாடா கட்ட வேண்டும். கட்டினால் அதைத் தனி நோட்டில் எழுத வேண்டும்: தேதி, பெட்டி எண், ஏன் அறுந்தது. இந்த நோட்டை வைத்து ரமோன் சிரிப்பார். நாடாவுக்கெல்லாம் பிறப்பு இறப்புப் பதிவு என்பார். மேடம் காதில் வாங்கமாட்டார்.

கடைசிச் சட்டம், சாம்பல் நிற ட்ரே. மேலுறையைப் படித்து ஒரு சந்தேகம் வந்தால் நாமாக முடிவு செய்யக்கூடாது. சாம்பல் ட்ரேயில் வைக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேடம் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். ட்ரே காலியாக இருந்தால்தான் அவருக்குக் கோபம் வரும்.

"என்ன பழனிசாமி, இண்டைக்கு ஒண்டும் இல்லையோ? சந்தேகமே வரேல்லை எண்டால் நீங்கள் வாசிக்கேல்லை எண்டுதான் அர்த்தம்."

சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட.

ரயில்வே வழக்குகள் தனிப் பெட்டிகளில் இருந்தன. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாட்டு வழக்கு. ரயில் பாதைக்கு வேலி கிடையாது. மாடு குறுக்கே போகும், ரயில் அடிக்கும், மாட்டுக்காரன் கம்பெனி மேல் வழக்குப் போடுவான். மேலுறையில் 'ஸ்டாக்', அதாவது கால்நடை, என்று எழுதியிருக்கும். இவற்றுக்குப் பெயர் பதிய வேண்டாம் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். ஒரு பெட்டிக்கு ஒரே வரி: 'மாட்டு வழக்கு, இத்தனை கட்டு'. எண்ணி எழுதினால் போதும். பெட்டியை மூடி, இருநூறு மைல் தள்ளி இருக்கும் வாடகைக் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாட்டு வழக்கு என்றால் நான்கு தாள். மனு, சம்மன், கம்பெனி பதில், தீர்ப்பு. பெரிய மந்தை என்றால் ஆறு. கையில் எடுத்தாலே தெரியும். நான் மேலுறையைக்கூடப் பார்க்காமல், குடோனில் துண்டு எண்ணுவது போல எண்ணுவேன்.

ஒரு நாள் அப்படி எண்ணும்போது ஒரு கட்டு கையில் கனத்தது. மற்றவை வாழைப்பழத்தோல் என்றால் இது பழத்தோடு இருந்தது. எடுக்கும்போதே நாடா அறுந்தது. மேலுறையில் 'ஸ்டாக்' என்று இல்லை. 'டேமேஜஸ்' என்று இருந்தது, நஷ்டஈடு. சாம்பல் ட்ரேயில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அன்று ஐந்து மணிக்கு லாரி. அந்தப் பெட்டிதான் கடைசி. மாட்டுக்கும் நஷ்டஈடுதானே கேட்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளை நாடா கட்டினேன். நாடா நோட்டில் எழுதினேன். கட்டைப் பெட்டியில் வைத்து மாடு என்று எண்ணினேன்.

மூன்று வருடம் போயிற்று.

மிஸஸ் ஹாலிஸ் முதல் தடவை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தொப்பி, கைத்தடி, கைப்பையில் ஒரு பழைய பைபிள். ஸ்கூல் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். என் பேட்ஜில் கடைசிப் பாதிதான் பெரிதாகத் தெரியும். அதனால் மிஸ்டர் சாமி என்று கூப்பிட்டார். கடைசி வரை அப்படித்தான்.

அவர் சொன்ன விஷயம் இது. அவருடைய கொள்ளுப்பாட்டி பெயர் லூவிஸா. அவரும் டீச்சர். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிப் பெண்கள் பெட்டியில் ஏறியிருக்கிறார். கண்டக்டர் வந்து, கறுப்பர்களுக்கு இடம் முன்னால் சிகரெட் பிடிக்கிறவர்கள் பெட்டியில், எழுந்து போ என்றிருக்கிறான். அந்தப் பெட்டியில் புகையும் எச்சிலும் குடிகாரர்களும். லூவிஸா டிக்கெட்டைக் காட்டியிருக்கிறார். அவன் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, வழியில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இறக்கிவிட்டார்கள். ஊர் திரும்ப ஒன்பது மைல் நடந்தார். ஊருக்கு வந்து கம்பெனி மேல் வழக்குப் போட்டார். ஜெயித்தார்.

இது அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த விஷயம். காகிதம் இல்லை.

இப்போது காகிதம் வேண்டியிருந்தது. பழைய ஸ்டேஷன் கட்டடத்தைக் கவுண்டி புதுப்பித்து வாசலில் வெண்கலப் பலகை வைக்கப் போகிறது. அதில் லூவிஸாவின் பெயரும் வர வேண்டும் என்று இவர் எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷன் கமிட்டித் தலைவர் உள்ளூர் வரலாறு எழுதுகிறவர். மரியாதையாகவே பதில் போட்டிருந்தார்: குடும்பக் கதையை வெண்கலத்தில் வார்க்க முடியாது, கோர்ட் காகிதம் கொண்டு வாருங்கள். பலகை வாசகத்துக்குக் கவுண்டி கமிஷனர்கள் ஓட்டுப் போடும் தேதியும் குறித்தாகிவிட்டது. அதற்குள் கிடைத்தால் உண்டு. வார்த்த பிறகு வெண்கலத்தில் பெயர் சேர்க்க முடியாது.

நான் கம்ப்யூட்டரில் தேடினேன். இல்லை. அந்தக் காலத்துப் பெயர்ப் புத்தகத்தைத் தேடினேன். அந்த வருடங்களின் புத்தகம் ஒரு வெள்ளத்தில் ஊறிப் பலகையாகிவிட்டது, பக்கம் பிரியாது. இல்லை என்று சொன்னேன். அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்த செவ்வாயும். ஒவ்வொரு தடவையும், "மிஸ்டர் சாமி, இன்னைக்கு வேற எங்கயாவது பாத்தீங்களா?" என்பார். கோபம் கிடையாது. அந்தக் கேள்வியை மட்டும் விடமாட்டார்.

நான்காவது செவ்வாய். ஓட்டெடுப்புக்கு இரண்டு வாரம். கவுன்ட்டரில் பைபிளை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். சும்மா ஏதோ பேச்சுவாக்கில், எங்கள் பாட்டி சொல்லுவார், சாட்சி சொன்னதை எல்லாம் வக்கீல் வாசித்து முடிக்க ஒரு முழு நாள் ஆயிற்றாம், அவ்வளவு காகிதமாம் என்றார்.

ஒரு முழு நாள் வாசிக்கிற காகிதம். ரயில்வே வழக்கு.

என் வலது கை கனத்தது. அந்தக் கட்டு, வெள்ளை நாடா, லாரி, எல்லாம் வந்துவிட்டது. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெரியாமல் ஆசை காட்டக்கூடாது. அடுத்த வாரம் வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மதியம் காரில் உட்கார்ந்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். அவள் டேகேரில் வேலை செய்கிறாள். குழந்தைகள் தூங்குகிற நேரம், மெதுவாகப் பேசினாள். நடந்ததைச் சொன்னேன். மேடத்திடம் சொன்னால் வேலை போனாலும் போகும் என்றேன்.

"ஏனுங்க, சொல்லாம இருந்தா ஆருக்குத் தெரியும்?"

"ஆருக்கும் தெரியாது."

பின்னால் ஒரு குழந்தை இருமியது.

"அப்ப போய்ச் சொல்லீட்டு வாங்க. வேல போனா இங்க டயப்பர் மாத்த ஆள் எடுக்கறாங்க."

போய்ச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ட்ரேயில ஏன் வைக்கேல்லை?"

"அஞ்சு மணி லாரிங்க மேடம். வச்சா நீங்க கேள்வி கேப்பீங்க."

"கேக்கத்தானே நான் இருக்கிறன்."

அவ்வளவுதான் திட்டு. எழுந்து போய் நாடா நோட்டை எடுத்து வந்தார். ரயில்வே பெட்டிகள் பார்த்த மாதங்களைப் புரட்டினார். இருபதுக்கு மேல் பதிவு. 'எலி', 'மக்கியது', 'மக்கியது', 'ஈரம்'. ஒரு வரியில் பென்சிலில் என் கோணல் எழுத்து. ஏன் அறுந்தது என்ற இடத்தில், 'கட்டு தடிமன்'. பக்கத்தில் பெட்டி எண்.

ரமோன் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த நோட்டைப் பற்றி அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

குடோனிலிருந்து பெட்டியைத் திருப்பி வரவழைக்க ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் மேடம் தான் எழுதப் போனார். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே எழுதுங்கோ. உங்கட வசனத்தில."

தப்பாக எண்ணப்பட்டது, எண்ணியவர் பழனிசாமி என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் அதை வாங்கி, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். மேற்பார்வை செய்து சரி என்றவர் ஜெயராணி. அவரும் கையெழுத்துப் போட்டார். உங்கள் பெயர் எதற்குங்க மேடம் என்றேன். அண்டைக்கு அந்தப் பெட்டியைப் பாத்து அனுப்பினது நான்தானே என்று சொல்லிப் படிவத்தை ஃபேக்ஸ் பண்ணப் போய்விட்டார்.

ஓட்டு செவ்வாய். பெட்டி வந்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. கட்டு இருந்தது. அறுபத்திரண்டு கட்டுகளில் அது ஒன்று. நாடாவில் என் முடிச்சு. குடோனில் பெட்ஷீட் கட்டுக்குப் போடுகிற சுருக்கு முடிச்சு. மேடம் அதைப் பார்த்து, இப்படிக் கட்டக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான் என்றார். பிரிக்கவிடவில்லை. மிஸஸ் ஹாலிஸ் வர வேண்டும், வெளிச் சாட்சி ஒருவர் வர வேண்டும், கேமரா ஓட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவன் நாங்களே உள்ளே வைத்தோம் என்பான்.

பழைய தாளை அப்படியே பிரித்தால் மடிப்பில் ஒடியும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஈர அட்டை விரித்து, மேலே வலை வைத்து, வலை மேல் அந்தத் தாள்கட்டை வைத்து மூடினோம். ஈரம் தாளில் படக்கூடாது, காற்றில் மட்டும் இருக்க வேண்டும். தாள் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். இஸ்திரிக்கு முன்னால் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரிதான். மணிக்கு ஒருமுறை மேடம் மூடியைத் திறந்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். சாயங்காலம் வெளியே எடுத்துப் பூட்டுகிற அலமாரியில் வைத்தார். சாவியை அவரே வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் முதலில் சொன்ன ஐந்து பேர்.

மேடம் என்னைப் பார்த்து, "நீங்கள் பிரியுங்கோ, மடிப்பு உங்களுக்குத்தான் விளங்கும்" என்றார்.

கை கழுவித் துடைத்தேன். நாடாவை அவிழ்த்தேன். மேல் மடிப்பை இரண்டு கையாலும் தூக்கி, தாள் தானாக எவ்வளவு வருகிறதோ அவ்வளவு விட்டேன். பிறகு அடுத்தது. மேடம் ஓரங்களில் சின்ன மணல் பைகளை வைத்தார். ரமோன் படம் எடுத்தார். நாற்பத்து மூன்று தாள். ஒவ்வொன்றையும் மேடம் சத்தமாகப் படித்தார்.

மனுவில் லூவிஸா பெயர் இருந்தது. மிஸஸ் ஹாலிஸ் அசையவில்லை.

பிறகு சாட்சிகள். பெட்டியில் கூட வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் சொன்னது: அவர் அமைதியாக உட்கார்ந்திருந்தார், யாரையும் தொந்தரவு செய்யவில்லை, உடை சுத்தமாக இருந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்துக் காவலாளி சொன்னது: இறக்கிவிட்டபோது தொப்பியைச் சரி செய்துகொண்டு, மணி என்ன என்று கேட்டார். கண்டக்டர் சொன்னது: சிகரெட் பெட்டியும் நல்ல பெட்டிதான். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டிருக்கிறார், உங்கள் மனைவியை அதில் உட்கார வைப்பீர்களா என்று. பதிலுக்கு நேரே எழுத்தர் எழுதியிருந்தது: சாட்சி பதில் சொல்லவில்லை.

மிஸஸ் ஹாலிஸ் அந்த இடத்தில் மட்டும் மூக்கால் ஒரு சத்தம் விட்டார்.

பதினெட்டாவது தாளில் குண்டூசி குத்தி ஒரு சின்ன அட்டை. ரயில் டிக்கெட். முதல் வகுப்பு. ஓட்டை போடாத டிக்கெட். அவன் பார்க்கவே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. யாரும் தொடவில்லை. வக்கீல் ஆபீஸ் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஜூரிக்கு ஜட்ஜ் சொன்னது தனித் தாளில் இருந்தது. மேடம் எனக்குத் தமிழில் சொன்னார். வெள்ளைக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்று அந்த ஜட்ஜ் சொல்லவில்லை. பிரித்து உட்கார வைக்கலாம், ஆனால் முதல் வகுப்புக்குக் காசு வாங்கினால் அதற்குச் சமமான இடம் கொடுக்க வேண்டும், கொடுத்தார்களா பாருங்கள் என்றுதான் சொன்னார். சின்னக் கதவு. அதில்தான் லூவிஸா நுழைந்தார். கொஞ்ச வருடத்தில் கறுப்பர்களுக்குத் தனிப்பெட்டி என்று சட்டமே வந்து அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

கடைசிக்கு முந்தியது அரைத் தாள். ஜூரி தீர்ப்பு. ஒரே வரி. வாதிக்கு ஆதரவாகத் தீர்மானிக்கிறோம்.

மேடம் அதைப் படித்துவிட்டு நிறுத்தினார். கடைசித் தாளை அவர் படிக்கவில்லை, மிஸஸ் ஹாலிஸ் பக்கம் திருப்பி வைத்தார். கம்பெனி கட்டிய நஷ்டஈட்டை முழுதாகப் பெற்றுக்கொண்டேன் என்று ரசீது. கீழே கையெழுத்து. லூவிஸா தானே போட்டது. சாய்வான டீச்சர் எழுத்து.

மிஸஸ் ஹாலிஸ் அப்போதுதான் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று கேட்டார்.

மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். மாட்டு வழக்குகளோடு இருந்தது.

"யார் அங்க வச்சது?"

"வெச்சது யாருன்னு தெரியாது. அந்தக் காலத்து எழுத்தர். விட்டது நான். மூணு வருஷம் முன்னாடி கையில எடுத்தேன். பாக்கல. மன்னிச்சுக்கோங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிகரெட் பெட்டியில ஏறமாட்டேன்னு சொன்னவ. நீங்க அவள மாட்டுப் பெட்டியில ஏத்திட்டீங்களே, மிஸ்டர் சாமி."

ரமோன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். மேடம்கூட. நான் சிரிக்கவில்லை. மிஸஸ் ஹாலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு அந்தப் பெட்டியை நீங்கள்தான் தூக்கி வர வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்றார். சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை கமிஷனர்கள் கூடும் ஹாலில் கூட்டம். மிஸஸ் ஹாலிஸின் சர்ச்சிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள். மேடையில் ஐந்து பேர், நடுவில் கவுண்டி ஜட்ஜ்; டெக்சஸில் கவுண்டித் தலைவருக்கு அதுதான் பெயர். மேடம் திரையில் படங்களைக் காட்டினார். ஸ்டேஷன் கமிட்டித் தலைவர் எழுந்தார். தாள்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாதது, ஓட்டுக்கு நான்கு நாள் முன்பு மாட்டுப் பெட்டியில் கிடைத்தது என்றால் எப்படி நம்புவது என்று கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை. நானாக இருந்தாலும் கேட்பேன்.

ஜட்ஜ், கண்டுபிடித்தவர் பேசட்டும் என்றார்.

கூட்டத்தில் நான் இங்கிலீஷில் பேசியது அதுதான் முதலும் கடைசியும். தெரிந்த வார்த்தையை வைத்துச் சொன்னேன். மாட்டு வழக்கு நாலு தாள். இது நாற்பத்து மூன்று. என் கைக்குத் தெரிந்தது, நான் நிற்கவில்லை. அது என் தப்பு, படிவத்தில் எழுதியிருக்கிறேன். நாடா மாற்றியதை அன்றைக்கே நோட்டில் எழுதியிருக்கிறேன், மூன்று வருடத்துக்கு முந்தின தேதி இருக்கிறது.

கமிட்டித் தலைவர் விடவில்லை. மூன்று வருடம் முன்பே யாராவது வைத்திருக்கலாமே என்றார்.

நான் டிக்கெட் இருந்த தாளின் படத்தைப் போடச் சொன்னேன். குண்டூசி துருப்பிடித்த கறை அதில் இருந்தது. அதற்கு மேல் தாளைப் போடச் சொன்னேன். அதே இடத்தில் கறை. கீழ்த் தாளிலும் அதே இடம். கறை ஒவ்வொரு தாளாக இறங்கி வெளிறிக்கொண்டே போய் ஐந்தாவதில் நின்றது. மடித்தால் எதிர் மடிப்பிலும் அதே உயரத்தில் இருக்கும், காட்டச் சொன்னேன், இருந்தது. இருபத்திரண்டு வருடம் துணி மடித்தவன் நான், கட்டுக்குள் துருப்பிடித்த ஊசி இருந்தால் கறை இப்படித்தான் இறங்கும் என்றேன். ஒரு நாளில் இறங்காது. மூன்று வருடத்திலும் இறங்காது. அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

கமிட்டித் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். திரும்பி வந்து மைக்கில், எனக்குப் போதும், பெயரைச் சேருங்கள் என்றார். பிறகு மிஸஸ் ஹாலிஸ் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார்.

ஓட்டு எடுத்தார்கள். ஐந்தும் ஆதரவு. இரண்டு பஸ் ஜனமும் எழுந்து நின்றது. மிஸஸ் ஹாலிஸ் மட்டும் உட்கார்ந்தே இருந்தார், மடியில் என் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு. அதை அவரிடமிருந்து திரும்ப வாங்க மேடத்துக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

பலகை வந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் இருக்கிறது. லூவிஸாவின் பெயர் கட்டடம் கட்டியவன் பெயருக்கு மேலே இருக்கிறது. ப்ரீவேயில் அந்தப் பக்கம் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

அடுத்த வாரம் மேடம் இன்னொரு படிவத்தை நீட்டினார். குடோனில் இருந்த ரயில்வே பெட்டிகள் எல்லாவற்றையும் திருப்பி வரவழைக்கிற படிவம். கமிஷனர்கள் பட்ஜெட் கொடுத்துவிட்டார்கள்.

"ஒண்டு இருந்தால் இன்னும் இருக்கும். எல்லாத்தையும் பிரிக்கிறம். கனத்தை நம்பாதேங்கோ, மெல்லிசையும் பிரியுங்கோ."

ரிடையர் ஆகும் வரை அந்த வேலைதான் செய்தேன். மாடுகளும் இருந்தன. பெரும்பாலும் மாடுகள்தான். ஆனால் நடுவில் மனிதர்களும் இருந்தார்கள். ஒரு மருத்துவச்சி. தன் ஆறு மாதக் குழந்தையோடு இறக்கிவிடப்பட்ட ஒரு தாய். ஒரு பாதிரியார், அவர் மனைவி. இவர்கள் யாருடைய பெயரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருந்ததில்லை. எல்லோரும் ஜெயிக்கவில்லை. எல்லோரும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள், எல்லோரும் கோர்ட்டுக்கு வந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயரையும் எழுத்து எழுத்தாக நானே பதிந்தேன். மேடம் நின்று சரிபார்த்தார்.

கடைசி நாள் பட்டியலை எண்ணிப் பார்த்தேன். பதினோரு பேர்.